ஒரே மூச்சில்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்குப் பட்டப்பெயர் மூஞ்சி சிஸ்டர். "முதல்ல மூஞ்சியைப் பாருங்க, அப்புறம் மெஷினைப் பாக்கலாம்" என்று நர்ஸ், டாக்டர் பாகுபாடில்லாமல் எல்லார் காதிலும் ஓதியே சம்பாதித்துக்கொண்ட பெயர். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாத நோயாளிக்கு, திரையில் எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது இன்னொரு பாட்டு. வீட்டிலும் இதே பாட்டுதான். அக்காவுக்கு அது மனப்பாடம்.

அந்த அக்காவே நிமோனியாவோடு, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு, ஜன்னலோரப் படுக்கைக்கு வந்து சேர்ந்தார். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவர். "வேற யாராவது பாத்துக்கட்டுமே சிஸ்டர்" என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். மூஞ்சி சிஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலையில் குறை சொல்ல முடியாது. மருந்து நேரத்துக்கு ஏறியது. தலைப்பக்கம் உயர்த்தியாயிற்று, சிறுநீர் அளந்தாயிற்று. கண் மட்டும் திரையை விட்டு இறங்கவில்லை. ஆக்சிஜன் தொண்ணூற்று நாலா, சரி. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வறுத்தெடுத்திருப்பார். அக்காவின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயம், அவ்வளவுதான்.

மத்தியானம் திரையில் இதயத் துடிப்பின் கோடு படுத்துவிட்டது. அலாரம் அலறியது. மூஞ்சி சிஸ்டர் பாய்ந்து போய், திரையைப் பார்த்தபடியே, அக்காவின் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தப்போனார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சில் ஒட்டியிருந்த வயர் வியர்வையில் கழன்று தொங்கியது. பக்கத்துப் படுக்கை நர்ஸ் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

"அங்க என்னடி... பாக்குறே?" என்றார் அக்கா மாஸ்க்குக்குள்ளிருந்து. "என் மூஞ்சியை... பாரு."

பார்த்தார். மூக்கு விடைத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து குழிந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு வரி பேசுவதற்குள் அக்காவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் எண்ணோ அசையவே இல்லை.

"டாக்டர், உடனே வாங்க. ட்யூப் போட வேண்டியிருக்கும்."

"நம்பர் நல்லாத்தானே இருக்கு?"

"மூஞ்சி நல்லா இல்ல!"

டாக்டர் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். தொண்டை வழியாக மூச்சுக்கு ட்யூப் போட்டார்கள். அதற்குப் பிறகு மூஞ்சி சிஸ்டர் நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார்.

ட்யூப் எடுத்த அன்று அக்காவுக்குக் குரல் கம்மியிருந்தது. "என் மூஞ்சியைப் பாக்க உனக்கு இவ்வளவு நாளாச்சாடி?"

அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மூஞ்சி சிஸ்டர் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதார்.