எனக்காகப் பிடித்து வைத்த இடம்

எண்பதுகளில், தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் நாங்கள் நாலு பேர் தினமும் சீட்டாடுவோம். முதலில் வருகிறவன் துண்டு போட்டு எனக்கும் இடம் பிடித்து வைப்பான்.

சீட்டாட ஆரம்பித்த ஆறாவது வருஷம், ஆபீஸ் பிரமோஷன் பரீட்சையில் மூன்றாவது தடவையும் கோட்டை விட்டேன்.

"நல்லதாப் போச்சு மச்சான்! பாஸாகியிருந்தா உன்னை வெளியூருக்குத் தூக்கியடிச்சிருப்பாங்க. நாலாவது கைக்கு நாங்க எங்க போறது?" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். பல்லாவரம் தாண்டுவதற்குள் அந்தச் சிரிப்பு கசந்துவிட்டது.

மறுநாள் கடைசிப் பெட்டியில் ஏறினேன். அங்கே எங்கள் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் அதே பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வருவார்கள்.

"சார், நானும் சேர்ந்துக்கட்டுமா?"

"வாங்க. நாளைக்கு நீங்கதான் எங்களைக் கேள்வி கேக்கணும்."

கேட்பதற்காகவே அன்று படித்தேன். அடுத்த பரீட்சையில் பாஸ்.

பழைய நண்பர்கள் எனக்குக் கெடுதல் நினைத்ததே இல்லை. தினமும் இடம் பிடித்துத்தான் வைத்தார்கள். எழுந்திருக்க எனக்குத்தான் ஆறு வருஷம் ஆயிற்று.