டீக்கடையில் ஒலித்த என் குரல்

1. வாய்ஸ் மெசேஜ்

அன்று மரக்காணம் உப்பளத்தில் அஞ்சலை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்பு வாரப் போய்விட்டார். முந்தின வாரம்வரை "வாங்க சார்" என்றவர்.

தவறு என்னுடையது. மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தபோது இந்த உப்பளத்துப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினேன். அளத்தில் இருக்கும்போது அவர்கள் தண்ணீர் குடிப்பது அரிது. குடித்தால் ஒதுங்க வேண்டும். வெட்டவெளியில் மறைவிடம் இல்லை. நீர்க்கடுப்பு, தலைவலி, மயக்கம், காரணமில்லாத கோபம் எல்லாவற்றிலும் நீர்க்குறைவுக்குப் பங்கு இருப்பதை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதினேன். பதவி உயர்வு கிடைத்தது. ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அஞ்சலையைப் பார்த்தேன். சிறுநீர்த்தொற்று திரும்பத் திரும்ப வந்து காய்ச்சலில் விழுந்திருந்தார். இப்படியே போனால் கிட்னி கெடும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் எச்சரித்திருந்தார். அவசரப்பட்டேன். எல்லாவற்றையும் எளிய தமிழில் பேசிப் பதிந்து, பெண்கள் தந்திருந்த எண்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அவை கணவர்களின் போன்கள்.

அன்று உப்பு வாரப் போனவரின் பின்னாலேயே போய்க் கேட்டதும் அஞ்சலை வெடித்தார். "எம் புருஷன் டீக்கடையில ஸ்பீக்கர்ல போட்டுட்டான் சார். இப்ப பாட்டில எடுத்தாலே 'இன்னா அஞ்சல, டாக்டர் சொன்னாரா'ன்னு சிரிக்கறானுங்க. முன்ன ஒரு வாயாவது குடிப்பேன். இப்ப அதுவும் போச்சு."

"உங்களக் கேக்காம அனுப்பினது தப்பு. மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிச்சி இன்னா பண்றது? குடி குடின்றீங்களே, போறதுக்கு எடம் எங்க?"

2. தடுப்பு

பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கேட்டு அளத்துக்காரரிடம் போனேன்.

"இத்தினி வருசமா யாரும் கேக்கலயே டாக்டர்."

"எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லலைங்க. அதான் வந்திருக்கேன்."

"மழைக்கு அளமே முழுகிடும். கக்கூஸ் நிக்குமா?"

"கரை மேட்டுல நிக்கும்."

அன்று கைவிரித்தார். நான் விடவில்லை. அவர் வீட்டு வாசலிலும், லோடு ஏற்றும் இடத்திலும் போய் நின்றேன். கடைசியில், "இந்தத் தொல்ல தாங்கலப்பா" என்று கட்ட ஆளனுப்பினார். கதவு லாரிப் பாதைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வேண்டும் என்று பெண்கள் சொன்னபடியே தடுப்பு வைத்துக் கக்கூஸ் கட்டினோம்.

ஆய்வை எடுத்துச் சொல்ல, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரை அழைத்து வந்தேன். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் மட்டும் உட்கார்ந்தார்கள். நான் ரோட்டோரம் நின்றேன். அங்கே பேசியதை, பெண்களின் சம்மதத்தோடு நர்ஸ் பிறகு சொன்னார். ஒரு பெண், "சும்மாவே அழுக வருதுக்கா, அதுவும் தண்ணியாலயா?" என்று கேட்டாராம். நர்ஸ் சொன்ன பதில்:

"தண்ணியும் ஒரு காரணமா இருக்கலாம். அது மட்டும்தான்னு சொல்ல முடியாதும்மா. நல்லாக் குடிச்சும் அழுக நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்கு வா, நான் கூட்டினு போறேன்."

அந்த எச்சரிக்கையான பதில் என் கட்டுரையில் இருந்தது. கேட்க வேண்டியவரின் காதுக்கு இப்போதுதான் போனது.

சில நாள் கழித்து, லாரியில் இருந்தவன் பழைய கிண்டலைத் தொடங்கினான். "இன்னா அஞ்சல, டாக்டர் சொன்னாரா?"

அஞ்சலை பாட்டிலைப் பாதி காலி செய்துவிட்டு வாயைத் துடைத்தார். "ஆமா, சொன்னாரு. உனுக்கும் வேணுமா, இந்தா."

அவன் வாங்கிக் குடித்தான்.

ஆய்வு செய்யும் இளையவர்களுக்கு: முடிவை எப்படி, யார் குரலில், யார் இல்லாத இடத்தில் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்களிடமே முதலில் கேளுங்கள். அதைக் கேட்காமல் நான் வீணாக்கிய ஆண்டுகளின் வலி அவர்கள் உடம்பில் இருக்கிறது. பக்கத்து அளத்தில் இன்னும் தடுப்பு இல்லை. அந்த அளத்துக்காரரும் முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். நாளைக் காலையில் மறுபடி போகிறேன்.