பின்சுவர் யன்னல்

இன்று லைட்டர் வேலை செய்யாததால் காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் பற்றவைத்தேன். ஊதி அணைத்த குச்சியின் மணத்தோடு மல்லாவியில் நாங்கள் இருந்த மண்வீடு வந்து நின்றது. யுத்தத்தில் நெருப்பெட்டிக்குத் தட்டுப்பாடான காலம்; அம்மா பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து தேங்காய்ப் பொச்சில் தணல் வாங்கிவருவார், எப்போதாவதுதான் ஒரு குச்சி உரசுவார், எரிந்த குச்சியை அக்கா எடுத்து, கருகிய முனை உட்பக்கம் இருக்கும்படி விளாம்பிசினால் ஒட்டி, அதே வீட்டைச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் குப்புறப் படுத்து, அதன் குசினிப் பின்சுவர் யன்னலில் ஒற்றைக் கண்ணை வைத்து, கருகல் மணத்தை இழுத்துக்கொண்டு கிடப்பேன். இடம்பெயர்ந்தபோது இரண்டு வீடுகளையும் விட்டுவிட்டு வந்தோம். இப்போது அங்கே பற்றைக்காடு.

புளியங்குளத்தில் இந்த வீட்டைக் கட்டியபோது மேசனிடம், "எங்கட பழைய குசினி மாதிரி பின்சுவரில ஒரு யன்னல் வையுங்கோ" என்றேன்.

அம்மா சிரித்தார். "அந்தக் குசினிக்கு ஏதடி யன்னல்? புகைக்குள்ள நான் பட்ட பாடு! கொக்காவுக்குக் குச்சி முடிஞ்சு போச்சு, அதுதான் அவள் தன்ர குச்சிவீட்டுச் சுவரில ஓட்டை விட்டவள்."

இருக்கலாம். ஆனாலும் இன்று குச்சியை அணைத்தபோது, அந்த யன்னலுக்குள்தான் அம்மா குனிந்து அடுப்பூதிக்கொண்டிருந்தார்.