நாற்காலிகளின் பின்பக்கம்

அண்ணன் காகிதத்தில் நாற்காலி வரைவான். தங்கை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மவுஸால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கும்படி செய்வாள். ஏழு வருடமாக இருவருக்கும் இதுதான் பிழைப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மகராசன் முன்பக்கத்தை மட்டும்தான் வரைவான். நாற்காலிக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவன் ஞாபகத்துக்கு வராது.

"அண்ணா, பின்பக்கமும் ஒண்ணு வரைஞ்சு குடேன்."

"உனக்குத் தெரியாததா? பார்த்துப் போட்டுக்க."

அவளும் பார்த்துப் போட்டுக்கொண்டே வந்தாள். பல் டாக்டரிடம் போனால் உட்காரமாட்டாள். வரவேற்பறை நாற்காலிக்குப் பின்னால் குனிந்து கிடப்பாள். "கூட வந்தவன் மானம் போகுது, எழுந்திரு" என்று புருஷன் தலையில் அடித்துக்கொள்வான். இதுவரை செய்த ஆறு நாற்காலிகளின் முதுகும் அப்படிக் குனிந்து குனிந்து சேர்த்ததுதான். நாற்காலிகளைச் செய்து விற்கும் தொழிற்சாலையின் கேட்லாக்கில் மட்டும் ஒவ்வொன்றின் கீழும் 'வடிவமைப்பு' என்று அண்ணன் பெயர். தன் பெயரையும் பக்கத்தில் போடச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

"கோடு போட்டது நான்மா. நீ அதைத் திருப்பிக் காட்டற. அவ்வளவுதானே?"

அவள் மூன்றாவது முறை கேட்கவில்லை.

ஏழாவது நாற்காலிக்கு அவள் எதையும் பார்த்துப் போடவில்லை. அவன் வரைந்ததை வரைந்தபடியே, குறித்த அளவுகளைக் குறித்தபடியே ஏற்றினாள். படத்தில் கைப்பிடி முதுகைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அளவுப்படி பார்த்தால் நடுவே நான்கு விரல் இடைவெளி. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தொழிற்சாலையில் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலாளி திரையைப் பார்த்தார். நேராகப் பார்க்கையில் அண்ணன் படம் அச்சு அசலாக இருந்தது. முகம் மலர்ந்து மவுஸைப் பிடித்துத் திருப்பினார். கைப்பிடி அந்தரத்தில் நின்றது. பின்னால் ஒரு வெற்றுப் பலகை.

"என்னப்பா இது? மத்த ஆறும் பின்னாடி எவ்வளவு அழகா இருந்துச்சு! அதெல்லாம் யார் செஞ்சது?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். சொல்லேன் அண்ணா, ஒரே ஒரு வார்த்தைதானே.

"நான்தான் சார். இந்தத் தடவை இவ அவசரத்துல தப்பாப் போட்டுட்டா."

கூசாமல் சொன்னான்.

"அப்ப இதுக்கும் பின்பக்கம் வரைஞ்சு குடுண்ணா," என்றாள் முதலாளி காதில் விழும்படி. "நாளைக்கே ஏத்திடறேன்."

"அதுக்கென்ன" என்றான் அவன்.

மறுநாள் காலை அவள் அறைக்குள் நுழைந்தபோது, அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவள் செய்த மூன்றாவது நாற்காலியைத் திறந்து, முதுகு தெரியத் திருப்பி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். அதன் முதுகுப் பட்டைகளில் ஒன்றை மற்றவற்றைவிட ஒடுக்கமாகப் போட்டுவிட்டு அவள் திருத்த மறந்திருந்தாள். அதையும் விடாமல் ஒடுக்கமாகவே வரைந்திருந்தான்.

முடித்ததும் வழக்கம்போல மூலையில் தன் கையெழுத்தைப் போட்டு நீட்டினான்.

"இந்தா, கேட்டியே."