யூலாலி மிஸ்ஸின் கொள்ளைக்காரி

யூலாலி மிஸ் எங்கள் அரிமா ஊர்த் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். கோழி குறுக்கே வந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற சாது. மாறுவேடத் திருவிழாவான கார்னிவல் நெருங்கினால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கொள்ளையடிக்கக் கற்றுக்கொடுப்பதும் அவரேதான். எல்லாம் வேஷம். குடை அகலத் தொப்பி, மண்டையோடு வரைந்த அங்கி, வாயில் விசில். நடுநிசிக் கொள்ளைக்காரன் என்கிற இந்த வேஷக்காரன் ஆளை வழிமறித்துத் தன் பெருமையை அளந்துவிடுவான். காசு விழுந்தால்தான் வாயை மூடுவான். தொப்பிகள் என் கைவேலை என்பதால் அபிப்பிராயம் சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

போன வருடப் போட்டியில் ஒரு நடுவர் மைக்கிலேயே, "யூலாலியோட கிளிங்க நல்லாத்தான் ஒப்பிக்குதுங்க" என்றுவிட்டார். மிஸ் அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதார். இந்த வருடமும் கிளி என்றால் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே விட்டுவிடுவதாகச் சொன்னார். அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

இந்த முறை மேடைக்கு எட்டு வயது கெசாயா.

"நான் பொறந்த அன்னிக்கு கடல் பயந்துபோய் ரெண்டு மைல் பின்னால போச்சு" என்று ஒத்திகையில் கைகட்டிக்கொண்டு சொன்னாள்.

"ஏன்டி போச்சு?"

"நீங்கதானே மிஸ் எழுதிக் குடுத்தீங்க!"

மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். "நீ கெசாயா இல்லடி, கொள்ளைக்காரி. கொள்ளைக்காரிக்கு எவளும் எழுதிக் குடுக்க மாட்டா."

"சரிங்க மிஸ்" என்றாள். இவ்வளவு பணிவான கொள்ளைக்காரியை நான் பார்த்ததில்லை.

போட்டியில் இரண்டு நிமிடமாவது பேச வேண்டும். கெசாயா இரண்டாவது வரியில் இருந்தபோது, முன்வரிசையில் இருந்த அவள் அப்பன், டாக்சி ஓட்டும் டெஸ்மண்ட், பெருமை தாங்காமல் ஒரு காசை மேடைக்கு வீசிவிட்டான். காசு விழுந்ததும் பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். மிஸ்ஸின் நகம் என் கையில் இறங்கியது.

"டெஸ்மண்ட், உனக்கு அறிவிருக்கா?" என்று கத்தினேன்.

கெசாயா குனிந்து காசை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். பிறகு விசிலை ஊதினாள்.

"இருபத்தஞ்சு சென்ட்டா? டேய் டாக்சிக்காரா! ராஜாவோட கிரீடத்துல பல்லு குத்துறவ நான். எனக்கே பிச்சை போடுறியா? உன் வண்டிய நாலா மடிச்சுப் பாக்கெட்டுல போட்டுக்குவேன். எடுடா மிச்சத்த!"

டெஸ்மண்ட் நிஜமாகவே நடுங்கிப்போய்ச் சட்டைப்பையைக் கவிழ்த்தான். "பத்தாது!" என்றாள். அடுத்து நடுவர்களின் மேஜை மேல் ஏறி அவர்களையும் மிரட்டிக் காசு கேட்டாள். நேரம் முடிந்து மணி அடித்தார்கள். அந்த மணியையும் பிடுங்கிக்கொண்டாள்.

மிஸ் ஓடினார். "போதும் கெசாயா, எறங்குடி!"

"கெசாயாவா? அவள நேத்தே முழுங்கிட்டேன். நீ யாருடி? காச எடு."

யூலாலி மிஸ் அழுதுகொண்டே கைப்பையைத் திறந்து, அதிலிருந்த அத்தனையையும் அவள் நீட்டிய தொப்பியில் கொட்டினார்.