மூன்று பன்றிக்குட்டிகளும் பிலோமினாவின் கையும்

செய்தி வந்தபோது எங்கள் இரும்புலியூர் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன் அருள், மருமகள் ஸ்டெல்லா, பேரன் டோனி, என் வீட்டுக்காரர். அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ஸ்டெல்லாவின் போன் அடித்தது. பொழிச்சலூரிலிருந்து அவள் சித்தப்பா. "அம்மா போயிட்டாங்கம்மா." காலையில் பல் துலக்கப் போனவர் கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டாராம். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

பல வருஷம் முன்னால் எங்கள் வீட்டுப் பன்றிகள் செத்த அன்றும் ஏறக்குறைய இதே ஆட்கள்தான். ஸ்டெல்லா அப்போது இந்த வீட்டுக்கு வரவில்லை, டோனி பிறக்கவில்லை. கூட என் சம்பந்தி, ஸ்டெல்லாவின் அம்மா பிலோமினா இருந்தார்.

அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு வருகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். "ராசியில்லாத கை" என்று அவரைப் பேசினவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். யார் யார் என்று எனக்கு மறக்கவில்லை. மூன்றாவதுக்கு மேல் நான் படித்ததில்லை. எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

அருளுக்கும் ஸ்டெல்லாவுக்கும் பேசி முடித்ததும், விருந்துக்குப் பன்றிக்கறி வேண்டும் என்று ஆசைப்பட்டான் அருள். "சாக்கடையில மேயுறத வாங்கி சம்பந்திக்குப் போடுறதா? நம்மளே வளர்ப்போம்" என்றார் பிலோமினா. அவர் அப்பா வீட்டில் பன்றி வளர்த்தவர்கள். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய், பால்குடி மறந்த வெள்ளைக்குட்டி மூன்று பிடித்தோம். ஒன்று போதாதா என்றேன். "தனியா விட்டா சாப்பிடாது. போட்டிக்கு ஆள் வேணும், உங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றார். சாக்கில் கட்டி ஷேர் ஆட்டோவில் ஏற்றினால், உள்ளே ஒரே வீறல். "இன்னாமா, கொயந்தய சாக்குல கட்டிகினு வர்ற?" என்றான் டிரைவர். பிலோமினா அசரவில்லை. "மாப்பிள்ளை வூட்டுக்கு சீர் வரிசைப்பா, மெதுவா ஓட்டு."

எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொட்டகை போட்டோம். தரையைச் சரிவாகப் பூசச் சொன்னதும், ஆண்குட்டிக்குக் காயடிக்காவிட்டால் கறி நாறும் என்று சின்னதிலேயே ஆள் கூட்டி வந்ததும் அவர்தான். தினமும் பஸ் பிடித்து வருவார். கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றில் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, அலசி, மறுபடி கொதிக்க வைத்துத்தான் போடுவார். அதற்கும் முன்னால் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். "தண்ணி முதல்ல, தட்டு அப்புறம். மனுஷனுக்கும் அதான், பன்னிக்கும் அதான்" என்பார்.

அது தண்ணீர்ப் பஞ்ச வருஷம். போர்வெல் வற்றி, லாரிக்குக் குடத்தோடு நின்ற காலம். ஒரு டிரம் தண்ணீர் பன்றிக்கென்றே ஒதுக்கியிருந்தோம். கல்யாணம் நெருங்கியபோது பத்திரிகையை மாதா காலடியில் வைக்க நானும் பிலோமினாவும் வேளாங்கண்ணி போனோம். பன்றிகளை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தோம்.

திரும்பி வந்து பின்பக்கம் போனால், அவர் கல்யாணத்துக்கென்று எழுப்பிய புதுக் காம்பவுண்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை நனைந்து கறுத்துக் குளுகுளுவென்று நிற்கிறது. பன்றிக்கென்று வைத்த டிரம் காலி. தொட்டியில் பாசி காய்ந்து பொரிந்து கிடக்கிறது. பக்கத்தில் மண்டபத்துச் சோறு, ஊறுகாயும் கருவாடுமாக, அலசாமல் கொட்டியபடி. மூன்றும் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. "ஐயோ, நாக்கு வறண்டுபோச்சே!" என்று பிலோமினா பக்கத்து வீட்டில் கெஞ்சிக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். சத்தம் போட்டுக் குடித்தன.

மத்தியானத்துக்கு மேல் ஒன்று வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒன்று நாய் மாதிரி உட்கார்ந்து பின்னாலேயே நகர்ந்தது. மூன்றாவதுக்குக் கண் தெரியவில்லை. அந்தப் புதுச் சுவரில் நெற்றியை வைத்து முட்டியது. டொக். டொக். அருள் வேலை முடிந்து வந்து, மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் விழுந்து இழுத்துக்கொண்டிருந்தன.

"உப்புச் சோறு, தண்ணி கிடையாது. அப்புறம் ஒரே மூச்சா தண்ணி. மூளை வீங்கிடுச்சும்மா. ரெண்டு நாளா யாரு தண்ணி காட்டினது?" என்று கேட்டார் கம்பவுண்டர்.

"நான்தான். வேளாவேளைக்கு ஊத்தினேனே!" என்றார் என் வீட்டுக்காரர். "அந்தம்மா வந்து கை வெச்சாங்க, போச்சு. சில பேர் கைராசி அப்படி." புருஷனை இழந்த பெண்ணின் முகத்துக்கு நேரே சொன்னார். சுவரில் ஈரம் காயவில்லை.

நான் வாயைத் திறந்தேன். பிலோமினா என் மணிக்கட்டைக் கிள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனார். "வேணாம் சம்பந்திம்மா. நாளைக்கு என் பொண்ணு இந்த வூட்டுல வாழணும். மாமனார் பொய் சொன்னார்னு வெளிய வந்தா, அந்தக் கோவம் யார் தலையில விடியும்? என் கைதானே, போவட்டும். நான் இருக்கிற வரைக்கும் சொல்லாதீங்க."

கல்யாணத்துக்குக் கோழி வாங்கிப் போட்டோம். கோயிலுக்குக் கிளம்பும்போது ஸ்டெல்லா நெற்றியில் சிலுவை போடப் பெற்றவளுக்குக் கை வரவில்லை. "என் கை வேணாம், நீங்க போடுங்க" என்றார். டோனிக்குச் சோறு பிசைந்து கிண்ணத்தை என்னிடம் நீட்டுவார், ஒரு வாய் ஊட்டியதில்லை. அடக்கம் முடிந்த அன்று ஸ்டெல்லா கேட்டாள்: "அம்மாவுக்கு எங்க மேல பாசம் இல்லையா அத்தை?" அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தச் சுவருக்கு வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறார்கள். வெயிலில் பாத்திரம் கழுவ அங்கே உட்கார்ந்தால் எனக்கு டொக், டொக் என்று கேட்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லையாம்.

பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வழக்கம். இந்த வீட்டில் யார் சாப்பிட உட்கார்ந்தாலும் தண்ணீர் வைத்த பிறகுதான் தட்டு. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் வைக்கிறேன்.

ஸ்டெல்லா, உன் அம்மா கையில் ஒரு குறையும் இல்லை. அவர் எல்லோரையும் மன்னித்துவிட்டுப் போனார். எனக்கு அந்தக் குணம் இல்லை. தாலி ஏறிய நாளிலிருந்து வாயில் வராத பெயரை இன்று எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள், சூசைராஜ்.