உள்ளங்கையில் எழுதிய ஊர்

ஒருவர் பேச்சை மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலையில் இரண்டு பக்கமும் திட்டு விழும் என்பது அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். யுத்தகாலத்தில் மலாயாவில் ஜப்பான்காரர்கள் கொண்டுவந்திருந்த கொரியர்களோடு வேலை செய்து அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பி ராயபுரத்தில் குடியிருந்தபோது, கொரிய மாலுமிகள் வந்தால் துறைமுகத்திலிருந்து எனக்கு ஆள் வரும்.

கைரேகை

கொரிய மொழியில் சீன வேர்ச்சொற்கள் ஏராளம். ஒலி ஒன்றாக இருக்கும், பொருள் வேறாக இருக்கும். 'சூதோ' என்றால் தலைநகரம். குழாய்த் தண்ணீரும் அதுதான். குழப்பம் வந்தால் அவர்கள் விரலால் உள்ளங்கையில் சீன எழுத்தை வரைந்து காட்டுவார்கள். எனக்குப் பேச்சு மட்டும்தான் தெரியும், அந்த எழுத்து தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு மாலுமி என் கையில் எழுதுவதைப் படகோட்டி ஏழுமலை பார்த்துவிட்டான்.

"இன்னா நைனா, கப்பல்காரன் கைரேகை பாக்குறானா? எனக்கும் பாக்கச் சொல்லேன்."

தலையாட்டல்

பாக் என்ற மாலுமியைக் காய்ச்சலோடு ஆசுபத்திரியில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. தான் பிழைக்காவிட்டால் அம்மாவுக்குத் தகவல் போகவேண்டும் என்று என்னிடம் சொன்னான். ஊர் சின்சோன் என்றான். அந்த ஒலியில் ஊர்கள் பல. எழுத்தைப் பார்த்தால்தான் எது என்று பிரியும். என் கையை இழுத்து, விரலால் இரண்டுமுறை எழுதினான். காகிதம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எனக்கு எழுத்து தெரியாதது வெளிப்பட்டுவிடுமோ என்று பயம். புரிந்தது என்று தலையாட்டினேன். வார்டு ஆயா பக்கத்திலேயே நின்றாள்.

"நீ தலைய ஆட்டுனப்புறந்தான் நைனா அதும் மூஞ்சி தெளிஞ்சிது."

பல் டாக்டர்

மூன்றாம் நாள் பாக் இறந்துபோனான். அவன் துணிமணிகளை அனுப்ப ஆசுபத்திரியில் விலாசம் கேட்டார்கள். வண்ணாரப்பேட்டையில் இருந்த சீனப் பல் டாக்டரிடம் ஓடினேன். அவரைப் பற்றி முன்பே தெரியும். போனால் என் குட்டு உடைந்துவிடும் என்றுதான் போகாமல் இருந்தேன். ஞாபகத்தில் இருந்த கோடுகளைக் காகிதத்தில் வரைந்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"இது எழுத்தே இல்லை சார். அவர் உயிரோட இருந்தப்போ கூப்பிட்டிருந்தா, நானே வந்து எழுதிக் கேட்டிருப்பேனே."

'தெரியாது' என்பதை நாலு மொழியில் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவேண்டிய அன்று ஒன்றிலும் வாய் வரவில்லை.